குண்டுவுக்குக் கொடுத்த பாதி மாத்திரை

ஆகஸ்ட் 18, திங்கள்

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால், உங்கள் காலில் விழுகிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். வார்டன் மேடத்திடம் வேண்டாம். அப்பாவிடம் வேண்டாம். எல்லோரையும் விட கௌசல்யாவிடம் வேண்டாம். படித்துவிட்டீர்கள் என்றால் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விடுங்கள்.

எடுத்த இடம்: திண்டிவனம் விடுதியின் ஸ்டோர் ரூம், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால். ஒன்பதாவதில் நான் லீடர். விடுதிக்கும் நான்தான் லீடர். அதனால் சாவி என்னிடம். எல்லோரும் தூங்கிய பிறகு இங்கே வந்து எழுதுகிறேன்.

புழுக்கம். ஒரு இலை அசையவில்லை. பைபாஸில் லாரிச் சத்தம் மட்டும்.

கால் முழுக்கக் கடி. எனக்கு ஒன்பது. சுமதிக்கு எண்ண முடியவில்லை. கணுக்காலைச் சுற்றி வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். மூட்டைப்பூச்சி என்று நினைத்தோம். இல்லை, தெள்ளு. கறுப்பாக எள்ளில் பாதி இருக்கும். நசுக்கப் போனால் குதித்துவிடும்.

வார்டன் மேடம் (இனி வா.மே.) சாயங்காலம் வரிசையில் நிற்க வைத்துக் கால்களைப் பார்த்தார்.

"எல்லாம் அந்த நாய்ங்களால. ஞாயித்துக்கெழம பேரண்ட்ஸ் வருவாங்க, ஒவ்வொருத்தரும் என்னைக் கேப்பாங்க. அன்னிக்குக் காலைலயே வர ஆள் சொல்லிட்டேன். அஞ்சு குட்டியையும் சாக்குல போட்டு எடுத்துக்கினு போய் பைபாஸ் அந்தாண்ட வுட்டுடுவான்."

"தாய் நாய், மேடம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதுவா பின்னாடியே ஓடும்."

சொல்லும்போதே வருகைப் பதிவேட்டின் ஓரத்தால் தன் காலைச் சொறிந்துகொண்டார். அவரையும் கடிக்கிறது.

தாய் நாயின் பெயர் செவலை. சமையலறைக்குப் பின்னால் உடைந்த கட்டில்களுக்கு அடியில் குட்டி போட்டது. ஐந்து வாரம் ஆகிறது. கரியன், வெள்ளச்சி, புள்ளி, ஒத்தக்காது, குண்டு. குண்டுதான் எனக்கு. வயிறு பந்து மாதிரி. நான் போனால் என் செருப்பின் மீது ஏறி உட்கார்ந்துகொள்ளும். நேற்று அது போன மலத்தில் சேமியா மாதிரி வெள்ளையாக நெளிந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

இன்று பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். டீச்சர் எதிரிலேயே மென்று விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். எல்லோர் வாயையும் டார்ச் அடித்துப் பார்த்த டீச்சர் என்னிடம் மட்டும் "நீ போம்மா" என்றார். லீடர் ஏமாற்ற மாட்டாள்.

மாத்திரை இப்போது கைக்குட்டையில் இருக்கிறது.

சின்னக் குழந்தைக்குப் பாதி மாத்திரை என்று டீச்சர் சொன்னார். குட்டியும் சின்னக் குழந்தைதான். அப்போது பாதி. புழு போகட்டும், தெள்ளும் போகட்டும், குட்டிகள் நன்றாக இருந்தால் வா.மே. மனம் மாறும்.

ஸ்டோர் ரூமில் எலி. போகிறேன்.


ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையில் கொஞ்சம் தூறல், மண் கூட நனையவில்லை.

கொடுத்துவிட்டேன். ஐந்தரை மணிக்கு, எல்லோரும் குழாயடியில் இருக்கும்போது. பாதி மாத்திரையைக் கரண்டிக் காம்பால் நசுக்கி, பால்சோற்றில் பிசைந்து, குண்டுவுக்கு மட்டும். சாப்பிட்டுவிட்டு என் விரலையும் நக்கியது. மீதிப் பாதி நாளை கரியனுக்கு.

பள்ளி விட்டு வந்ததும் பெரிய சண்டை. சுமதி சமையலறையிலிருந்து எறும்புப் பொடியை எடுத்து வந்துவிட்டாள். குட்டிகள் மேல் கொட்டித் தேய்த்தால் தெள்ளு எல்லாம் செத்துவிடும் என்றாள். நானும் "சரி, சீக்கிரம்" என்றேன். அப்போது கௌசல்யா எங்கிருந்தோ ஓடி வந்து சுமதி கையைப் பிடித்து முறுக்கினாள். பொடி கீழே கொட்டியது.

"இன்னாடி பண்ற? பைத்தியமா உனுக்கு?"

"தெள்ளு சாவட்டும்டி!"

"குட்டி நக்கும்டி! மேல இன்னா தடவுனாலும் அது நக்கும். அப்புறம் செவலை குட்டிய நக்கும். பொடி எங்க போவும்? எறும்புக்குப் போடறது நாய் வவுத்துக்குள்ள போவும்."

அறிவியலில் தொண்ணூற்றெட்டு வாங்கும் எனக்கு இது தோன்றவில்லை. நாய் நக்கும். அவ்வளவுதான். பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கௌசல்யா (இனி கௌ.) பற்றி எழுத வேண்டும். ஊர் பிரம்மதேசம் பக்கம். அவள் அம்மா மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லைகளில் கூலி வேலை, பயிருக்கு மருந்தும் அடிப்பாராம். என் வகுப்புதான், கடைசி பெஞ்சு. கணக்கில் எப்போதும் பெயில். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவளைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். நானும். லீடர் சிரித்தால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று தெரிந்தே சிரித்திருக்கிறேன்.

கொட்டின பொடியை ஈரத் துணியால் துடைத்து, துணியைக் குழி தோண்டிப் புதைத்தாள். கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். சுமதியையும் இழுத்துப் போய்க் கழுவ வைத்தாள்.

சுமதி முணுமுணுத்தது: "பெரிய டாக்டரு."

குண்டு இரவு பால் குடிக்கவில்லை.


ஆகஸ்ட் 20, புதன்

எழுத்து கோணலாக வருகிறது.

காலையில் குண்டு வாந்தி. நுரையாக. பேதியும். என் செருப்பின் மீது ஏறவில்லை. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறக்கிறது.

எனக்குத் தெரியும் ஏன் என்று. எனக்கு மட்டும்தான் தெரியும்.

கௌ. வந்து பார்த்தாள். வயிற்றை அமுக்கினாள், மலத்தைக் குச்சியால் கிளறினாள். "புழு ரொப்பிக்கினு கீது. ஆசுபத்திரிக்குத் தூக்கினு போவணும்" என்றாள்.

"கேட் பாஸ் தர மாட்டாங்க. ஆஸ்பத்திரி காலையிலதான். இன்னிக்குக் கணக்கு டெஸ்ட்டு வேற" என்றேன்.

"டெஸ்ட்டு எழுதினா மட்டும் பாஸா பண்ணப் போறேன்?"

போவதற்கு முன்னால் அவள் செய்ததுதான் என்னால் மறக்க முடியாதது. ஸ்டோரில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசு இருக்கிறது. என்னிடம் சாவி கேட்டாள். ஒவ்வொரு குட்டியாகக் கத்திரிக்காய்க் கூடையில் வைத்து நிறுத்தாள். பிறகு செவலையைத் தூக்கிக்கொண்டு தானே தராசின் மீது ஏறினாள். செவலை திமிறவே இல்லை.

"நானும் அதுவும் அம்பத்தொண்ணு. நான் மட்டும் முப்பத்தெட்டு. கழிச்சி எழுதிக்கோ."

கரியன் 1.650
வெள்ளச்சி 1.420
புள்ளி 1.380
ஒத்தக்காது 1.100
குண்டு 1.510
செவலை 13

"எதுக்குடி எடை?" என்று கேட்டேன்.

"மருந்துன்னா மொதல்ல எட கேப்பாங்க. எங்கம்மா கொல்லையில மருந்து அடிக்கறப்போ எவ்ளோ தண்ணிக்கு எவ்ளோ மூடின்னு கேக்காம தொடாது. ஒரு தபா பக்கத்துக் கொல்லைக்காரன் கண்ணளவுல ஊத்திட்டான். எங்கம்மா வரப்புலயே மயங்கி வுழுந்துச்சி."

கண்ணளவு. நான் நேற்று கண்ணளவில் கூட ஊற்றவில்லை, காதளவில் ஊற்றினேன். டீச்சர் எதற்கோ சொன்னதைக் கேட்டு.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். "ஜல்தி எழுதுடி, மேடம் வந்துடும்" என்றாள். மூடிக்கொண்டேன்.

குண்டுவை டிபன் கூடையில் துண்டு போட்டு மூடி, சமையலறைக் கதவு வழியாகப் போய்விட்டாள். வகுப்பிலும் விடுதிப் பதிவேட்டிலும் நான் எழுதியது: கௌசல்யா, வயிற்று வலி. இதுவரை பதிவேட்டில் பொய் எழுதியதில்லை.

கணக்கு டெஸ்ட்டில் இரண்டு கேள்வி விட்டுவிட்டேன். எனக்கே புரியவில்லை எப்படி என்று.

சாயங்காலம் துணி துவைக்கும் கல்லருகில் கௌ. நடந்ததைச் சொன்னாள். கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரே ஆடும் மாடும். ஒருவர், "இன்னா பாப்பா, தெருநாய்க்கு வைத்தியமா? மனுசனுக்கே பார்க்க ஆள் இல்ல" என்றாராம். இவள், "உங்க ஆடு மட்டும் பட்டா வச்சிக்கினு கீதா?" என்றாளாம். வரிசையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். டாக்டரம்மாவும்.

டாக்டரம்மா முதல் கேள்வி: எடை எவ்வளவு? இவள் ஆறு எடையும் எழுதின தாளை நீட்டினாளாம். இரண்டாவது: வயசு? ஐந்து வாரம். மூன்றாவது: "வேற எதாவது மருந்து குடுத்தீங்களா?"

"இல்லன்னு சொன்னேன்" என்றாள் கௌ.

பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தேன்.

குட்டிகளுக்கென்றே இருக்கும் பூச்சி மருந்து, திரவம், சின்ன பாட்டில். ஊசி இல்லாத சிரிஞ்சால் கடைவாயில் விட வேண்டும். ஒவ்வொரு குட்டிக்கும் அதன் எடைக்கு எவ்வளவு என்று டாக்டரம்மா தனித்தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறார். வயிறு நிறையப் புழு இருக்கும் குட்டிக்கும் சீக்கான குட்டிக்கும் பார்த்துத்தான் தர வேண்டுமாம். மற்ற நாலுக்கும் நாளை காலை. குண்டுவுக்கு வாந்தி நின்றிருந்தால் நாளையே, இல்லாவிட்டால் காட்டிவிட்டு.

இப்போது வாந்தி நின்றிருக்கிறது.

அப்படியானால் காலையில் அவள் கொடுப்பாள். ஒரு மருந்துக்கு மேல் இன்னொரு மருந்து.

காலைக்குள் சொல்ல வேண்டும். காலைக்குள். காலைக்குள்.


ஆகஸ்ட் 21, வியாழன்

சொன்னேன்.

முதலில் கரியன். கௌ. சிரிஞ்சை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கோடு பார்க்கிறாள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு. பிறகு குட்டியை மடியில் வைத்து, மோவாயைத் தூக்கிவிட்டு, ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. கடகடவென்று விட்டால் மூச்சுக்குழாயில் போய்விடுமாம். கரியன் துப்பவே இல்லை. வெள்ளச்சி. புள்ளி. ஒத்தக்காது. ஒவ்வொன்றுக்கும் தாளில் டிக்.

குண்டுவைத் தூக்கினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"குடுக்காத."

"ஏன்டி?"

சத்தம் வரவில்லை. எனக்குப் பயம் வந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே. அவள் காத்திருந்தாள். சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். மீதி மாத்திரை இருந்த கைக்குட்டையை எடுத்து அவள் மடியில் போட்டேன்.

அவள் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அறைவாள் என்று நினைத்தேன்.

"எவ்ளோ குடுத்த?"

"பாதி."

"எப்போ?"

"செவ்வாய்க்கெழம காலையில."

"எதுல?"

"பால்சோத்துல."

"எல்லாம் துன்னுச்சா?"

தலையாட்டினேன்.

"கெளம்பு" என்றாள். திட்டவில்லை. ஒரு வார்த்தை. நானாக இருந்தால் முதலில் திட்டியிருப்பேன், பிறகு அழுதிருப்பேன், அதற்குள் ஆஸ்பத்திரி மூடியிருக்கும்.

சமையல்கார மல்லிகாக்கா எங்களைப் பார்த்துவிட்டார். கிளியனூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருபவர். கூடையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "நான் பால் பாக்கெட்டுக்குத் திரும்பி நிக்கறேன். ஒம்போதுக்குள்ள வந்துடுங்க" என்றார். திரும்பி நின்றார்.

பாஸ் இல்லாமல் கேட்டைத் தாண்டியது வாழ்க்கையில் முதல் தடவை. ஒவ்வொரு ஸ்கூட்டரும் வா.மே. மாதிரி இருந்தது.

டாக்டரம்மா முன்னால் மறுபடி தொண்டை அடைத்தது. கௌ. எனக்காகச் சொல்லவில்லை. முதுகில் கையை மட்டும் வைத்தாள். "நீதான் குடுத்த, நீ சொன்னாதான் டைமு சரியா வரும்" என்றாள். மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்து எழுதிக் காட்டினேன். மாத்திரையின் பெயர், நாள், மணி, பாதி.

டாக்டரம்மா படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார்.

"எடை ஒன்றரை கிலோ. நீ குடுத்தது ஒரு குழந்தைக்கான அளவு. அந்தக் குழந்தை எத்தனை கிலோ இருக்கும்?"

பதில் தெரியும். பேனாவைத் திரும்ப மேஜையில் வைத்தேன்.

"இந்த மருந்தை இவ்ளோ சின்னக் குட்டிக்கு நான் எழுதவே மாட்டேன். மனுஷன் மாத்திரை மனுஷனுக்கு. சரி, வந்து சொன்னியே." குண்டுவின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். விரலால் அழுத்தி விட்டார். வெளுத்து மறுபடி சிவந்தது. "ரத்தம் இருக்கு. பயப்படாத. இதுக்கு இன்னிக்குப் பூச்சி மருந்து கிடையாது. உப்புச்சர்க்கரைத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா. ஈறு வெளுத்தா உடனே தூக்கிட்டு வா. எப்படி இருந்தாலும் திங்கட்கிழமை காட்டணும்."

சீட்டில் இங்கிலீஷில் ஒரு வரி எழுதினார், மாத்திரை கொடுத்ததைப் பற்றி.

பிறகு தெள்ளைப் பற்றிக் கௌ. கேட்டாள். டாக்டரம்மா சொன்னதை மறக்காமல் இருக்க எழுதுகிறேன்:

தெள்ளு வழியாகத்தான் நாடாப்புழு வரும். நாய் தெள்ளைக் கடித்து விழுங்கும், புழு உள்ளே போகும். வால் பக்கம் அரிசி மாதிரி ஒட்டியிருந்தால் அதுதான். புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்துத் தெள்ளை விட்டால் திரும்ப வரும்.

குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகும்வரை சொட்டு மருந்து வேண்டாம், கழுத்துப் பட்டை வேண்டாம், பொடி வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர், மிதமான சோப்பு, சீப்பு. உடனே துடைத்து வெயிலில்.

தாய்க்குச் சொட்டு மருந்து, ஆனால் பால் கொடுக்கும் நாய்க்கு ஆகும் என்று போட்டிருப்பது. அதன் எடைக்கானது. காயும்வரை குட்டிகள் தொடக் கூடாது.

நாய் மேல் இருப்பது கொஞ்சம்தான். முட்டை எல்லாம் படுக்கும் இடத்தில். சாக்கு, பாய், மண் எல்லாம் சுத்தம்.

குட்டிகளுக்காக எல்லோரும் போட்ட சில்லறை இருந்த சுமதியின் பவுடர் டப்பாவைக் கிளம்பும்போதே கூடையில் வைத்திருந்தோம். அதை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனோம். கடைக்காரர் கேட்ட மாத்திரத்தில் ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார்.

"இத்த எடுத்துக்கோ பாப்பா. மாட்டுக்கு ஊத்தறதுதான், நாய்க்கும் கேக்கும். முதுகுல ரெண்டு சொட்டு. தெள்ளு ஊர வுட்டே ஓடிப்பூடும்."

கௌ. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணே, இதுல நாய் படம் எங்க கீது?"

"படமா முக்கியம்? மருந்து ஒண்ணுதாம்மா."

"மல்லாட்டைக்கு அடிக்கறத கேப்பைக்கு அடிப்பீங்களா அண்ணே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"செம பேஜாரு புடிச்ச பொண்ணா கீதே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் ஒரு சின்ன அட்டைப் பெட்டி கொண்டுவந்தார். நாய் படம் இருந்தது. கௌ. அதை என் கையில் கொடுத்தாள்.

"படி. எல்லாம் படி. சின்ன எழுத்தும்."

படித்தேன். அவள் கேள்வி, நான் பதில். எத்தனை கிலோவுக்கு? இருபது முதல் நாற்பது. "வேணாம் அண்ணே, எங்களுது பதிமூணு." அடுத்த பெட்டி. பத்து முதல் இருபது. பால் குடுக்கறதுக்கு ஆகுமா? மடிப்புக்குள் மடிப்பாக ஒரு தாள், கடுகு எழுத்து. அங்கே ஆகும் என்றிருந்தது. எங்க வுடணும்? பிடரியில், தோள்களுக்கு நடுவில். "அங்கதான் நாக்கு எட்டாது" என்று தலையாட்டினாள். கடைசி நாள்? இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. டாக்டரம்மா சீட்டையும் பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கச் சொன்னாள்.

கடைக்காரர் கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "யம்மா, நீ வந்து கடையில நில்லு. நான் வூட்டுக்குப் போறேன்" என்றார். கிண்டல் இல்லை.

என் இங்கிலீஷால் யாருக்காவது நல்லது நடந்தது இன்றுதான்.

எட்டு ஐம்பதுக்கு உள்ளே வந்துவிட்டோம்.


ஆகஸ்ட் 22, வெள்ளி

நல்ல வெயில். இன்று பள்ளி அரை நாள்தான். துணியெல்லாம் ஒரு மணி நேரத்தில் காய்ந்தது.

மருந்து வேலை செய்துவிட்டது. நாலு குட்டிகளின் மலத்திலும் கற்றை கற்றையாகப் புழு. சுமதி பார்த்துவிட்டு இனி வாழ்நாளில் சேமியா உப்புமா சாப்பிட மாட்டேன் என்றாள். கௌ. எல்லாவற்றையும் வாரிக் குழியில் போட்டு மண் மூடினாள். செருப்பு இல்லாமல் யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. லீடர் நானா அவளா என்றே தெரியவில்லை. எனக்குக் கோபமும் வரவில்லை.

சாயங்காலம் குட்டிகளுக்குக் குளியல். சீப்பு எங்கே போவது? விடுதியில் இல்லாத சீப்பா. எல்லோர் டிரங்குப் பெட்டியிலும் பேன் சீப்பு இருக்கிறது. பழசாக ஆறு கிடைத்தது. ஒரு இழுப்பு, உடனே சோப்புத் தண்ணீரில் ஒரு முக்கு. கறுப்புக் கறுப்பாகத் தெள்ளு மிதக்கிறது. கறுப்புத் தூளும் விழுந்தது. கௌ. அதை ஈரக் காகிதத்தில் தட்டிக் காட்டினாள். காகிதம் சிவந்தது.

"இது நாய் ரத்தமும் நம்ம ரத்தமும்" என்றாள். நாங்கள் ஆறு பேரும் இன்னும் வேகமாகச் சீவினோம்.

செவலைக்கு மத்தியானமே சொட்டு விட்டாயிற்று. காயும்வரை அதை வேப்ப மரத்தில் கட்டி, குட்டிகளைக் கட்டிலடியில் விட்டு, இரண்டுக்கும் நடுவில் கௌ. உட்கார்ந்திருந்தாள். குட்டிகள் கத்தின. செவலை கத்தியது. இவள், "தோ முடிஞ்சிடுச்சி, தோ முடிஞ்சிடுச்சி" என்று இரண்டு பக்கமும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. நான் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வருஷமாக ஒரே வகுப்பு. அவளுக்கு நான் ஏதாவது கொண்டுபோய்க் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

சாக்குகளை எரித்தோம். பாய்கள் எல்லாம் மொட்டை மாடியில். அறைகளில் வெந்நீர் ஊற்றிக் கழுவினோம். நன்றாக இருக்கிறதே என்று வா.மே. எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

குண்டு: மூன்று முறை தண்ணீர் குடித்தது. ஈறு சிவப்பு. வாலை ஒரு முறை ஆட்டியது. ஒரு முறைதான், ஆனால் நான் பார்த்தேன்.

அப்பா விழுப்புரத்திலிருந்து போன் செய்தார், மார்க்கெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டே. பக்கத்தில் யாரிடமோ, "எம் பொண்ணுதான், ஆஸ்டலுக்கே லீடரு" என்பது கேட்டது. ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம்.


ஆகஸ்ட் 23, சனி

கடி: எனக்குப் புதிதாக ஒன்று. சுமதிக்கு இரண்டு. மற்றவர்களுக்கு இல்லை.

குண்டு எழுந்து நடந்தது. தடுமாறிக்கொண்டே வந்து என் செருப்பின் மீது ஏறி உட்கார்ந்தது. அழுதுவிட்டேன், சுமதிக்குத் தெரியாமல்.

வா.மே. சாயங்காலம் கட்டில் பக்கம் வந்தார். கரியனைக் காதைப் பிடித்துத் தூக்கி, மயிரை விலக்கிப் பார்த்தார். வெள்ளச்சியை. பிறகு செவலையை. ஒரு தெள்ளு இல்லை. "பரவால்லையே. யாரு பண்ணது?" என்றார். எல்லோரும் கௌ.வைக் காட்டினார்கள். வா.மே. ஏதோ யோசித்துவிட்டு, சாக்குக்காரருக்குப் போன் போட்டு நாளைக்கு வர வேண்டாம் என்றார்! சுமதி விசிலடித்து அடி வாங்கினாள்.

இத்தோடு முடிந்திருக்கலாம்.

இரவு சாப்பாட்டுக்கு முன் வா.மே. சமையலறையைச் சோதித்தபோது உப்பு ஜாடிக்குப் பின்னால் நாங்கள் ஒளித்து வைத்திருந்த டாக்டரம்மா சீட்டு கிடைத்தது. படித்தார். புதன்கிழமை தேதி. வியாழக்கிழமை தேதி. அந்த இங்கிலீஷ் வரி.

எல்லோரையும் கூடத்தில் நிற்க வைத்தார்.

"புதன்கெழம வயித்து வலின்னு போட்டிருக்கு. ஆசுபத்திரிக்கு யாரு போனது?"

"நான்தான் மேடம்" என்றாள் கௌ. "வலி இல்ல. டெஸ்ட்டுல எப்படியும் பெயிலுதான்னு போய்ட்டேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வா.மே. சிரிக்கவில்லை.

"இஸ்கூல்ல குடுத்த மாத்திரைய நாய்க்குக் குடுத்தது நீதானா? டீச்சரை ஏமாத்தி எடுத்துக்கினு வந்து? அது செத்திருந்தா? இதே மாத்திரைய நாளைக்கு எந்தக் குழந்தைக்காவது குடுப்பீங்க!"

"அது நான் இல்ல மேடம்."

"அப்ப யாரு?"

கௌ. சுற்றிப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தாள்.

"அவங்களே வந்து சொல்லுவாங்க மேடம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆசுபத்திரியில சொன்னாங்களே. அதான் குட்டி பொழச்சிது."

கையில் பதிவேடு. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். வா.மே. நாளை இரவு ஒன்பது மணி வரை நேரம் கொடுத்தார். யாரும் சொல்லாவிட்டால் திங்கட்கிழமை கௌ.வின் அம்மா வர வேண்டும், ஒரு மாதம் வீட்டில். குட்டிகளுக்கும் மறுபடி சாக்கு.

ஒரு மாதம் என்றால் அவள் திரும்ப வர மாட்டாள். கொல்லைக்கு மருந்து அடிக்கப் போய்விடுவாள். எல்லோருக்கும் தெரியும்.

இரவு பாயில் அவள் என் பக்கத்தில்தான் படுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தூங்கியும் போய்விட்டாள், குறட்டையோடு. என்னை எவ்வளவு நம்பினால் இப்படித் தூக்கம் வரும்!


ஆகஸ்ட் 24, ஞாயிறு

மழை. சரியான மழை. மொட்டை மாடிப் பாய்களை ஓடி எடுத்தோம்.

அப்பா வந்தார். மல்லாட்டை உருண்டை, ஒரு பேனா. நனைந்துகொண்டே வந்திருக்கிறார். வா.மே. அவரிடம், "உங்க பொண்ணு மாதிரி நாலு பேர் இருந்தா போதும்" என்றார். அப்பா தலையைக் குனிந்து சிரித்தார். அப்போது சொல்லியிருக்கலாம். அவர் முன்னால் முடியவில்லை. பஸ் ஏறிப் போனதும் சொல்கிறேன் என்று நினைத்தேன். பஸ் போய் நாலு மணி நேரம் ஆகிறது.

உருண்டையில் பாதி கௌ.வுக்கு. "மல்லாட்ட எங்க ஊரு பக்கத்துதுதான், வாசனையே சொல்லுது" என்றாள். அவள் அம்மா வரவில்லை. இன்று கூலி இருந்ததாம்.

கௌ.விடம் இந்த வாரம் நான் பார்த்தவை. எழுதி வைக்காவிட்டால் நாளை மறுபடி பழைய மாதிரி சிரித்துவிடுவேனோ என்று பயம்.
எடை கேட்காமல் மருந்தைத் தொட மாட்டாள்.
தெரியாததைக் கடைக்காரர் முகத்துக்கு நேராகவே கேட்பாள்.
எனக்கு அந்த இரண்டும் இல்லை.
திட்ட வேண்டிய இடத்தில் கேள்வி கேட்பாள்.
காட்டிக்கொடுக்க மாட்டாள், பொய்யும் சொல்ல மாட்டாள். இரண்டும் சேர்ந்து ஒருவரால் முடியும் என்று எனக்குத் தெரியாது.

மணி எட்டே முக்கால். அவள் இப்போது கட்டிலடியில், குண்டுவுக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நாளை காலை டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும். போவது அவளா, அவளில்லாமல் நானா என்பது இன்னும் கால் மணி நேரத்தில்.

ஒத்திகை:

மேடம், அந்த மாத்திரை என்னுடையது.

மேடம், டீச்சர் என் வாயைப் பார்க்கவில்லை, நான் லீடர் என்பதால்.

மேடம், வயிற்று வலி என்று எழுதியதும் நான்.

மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "மேடம்" வரை வருகிறது. அதற்கு மேல் காற்றுதான் வருகிறது. டாக்டரம்மா மேஜையில் பேனா இருந்தது. இங்கே

யாரோ வருகிறார்கள். குடையை உதறும் சத்தம். வா.மே. குடைதான்.

தட்டுகிறார். "லீடர், உள்ளயா இருக்க?"

ஒளித்து வைக்க மூட்டைக்குப் பின்னால் இடம் இருக்கிறது. வைக்கவில்லை. திங்கட்கிழமைப் பக்கத்தைத் திறந்து இந்த நோட்டையே மேடம் கையில்